ஹார்ட்விக் ஹால்: கல்வீட்டில் அவ்வளவு ஜன்னல் எப்படி நிற்கிறது?

கேட்டிருந்த கேள்வி இது: "பழைய ஆங்கிலக் கல்வீடு என்றால் தடித்த சுவரும் சின்னச் சின்ன ஜன்னலும்தான் என்று நினைத்திருந்தேன். டார்பிஷயரில் இருக்கும் ஹார்ட்விக் ஹால் படத்தைப் பார்த்தால் சுவரே கண்ணில் படவில்லை, எங்கு பார்த்தாலும் கண்ணாடி. ஜன்னல்கள் பிற்காலத்தில் உடைத்து வைத்தவையா? இல்லை என்றால் 400 வருஷமாக எப்படி நிற்கிறது? ஸ்காட்லாந்து ராணி மேரியை அடைத்து வைத்தது இந்த வீட்டில்தானா?"

ஜன்னல்கள் பிற்காலத்தில் வந்தவை இல்லை. கடைகால் தோண்டும்போதே இப்படித்தான் என்று முடிவானது. 1590-ல் வேலை தொடங்கி, 1597 அக்டோபரில் வீட்டுக்காரி குடிபோனார். "ஹார்ட்விக் ஹாலில் சுவரைவிடக் கண்ணாடி அதிகம்" என்ற பேச்சு இங்கிலாந்தில் வெகுகாலமாக இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டுவிட்டு இது ஏதோ மெலிந்த கட்டடம் என்று நினைத்துவிடக்கூடாது. சுவர் குறையவில்லை, உள்ளே போய்விட்டது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் வீட்டின் பாதி புரிந்துவிடும்.

அந்தக் காலத்துக் கல்வீட்டில் வெளிச்சுவர்தான் எல்லா வேலையும் செய்யும். கூரையைத் தாங்கும், மச்சு உத்தரங்களைத் தாங்கும், கணப்பு அடுப்பும் புகைபோக்கியும்கூடப் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். புகைபோக்கி இருக்கும் இடத்தில் ஜன்னல் வைக்க முடியாது என்பதால் வெளிச்சுவரில் கண்ணாடிக்குக் கிடைப்பது மிச்சம் மீதி இடம்தான். ஹார்ட்விக்கில் கணப்புகளையும் புகைபோக்கிகளையும் பெரும்பாலும் வீட்டுக்குள் ஓடும் தடித்த சுவர்களுக்குத் தள்ளிவிட்டார்கள். இரண்டாம் மாடியில் கிழக்குப் பக்கம் முழுக்க நீளும் லாங் கேலரியில் நின்றால் இது நேரடியாகத் தெரியும். 160 அடிக்கு மேல் நீளம், சுமார் 26 அடி உயரம் உள்ள அந்த அறையில் ஒரு பக்கம் முழுக்க ஜன்னல், இரண்டு கணப்புகளும் எதிர்ப்பக்கத்து உட்சுவரில். பாரத்தில் பெரும்பங்கை அந்த உட்சுவர்கள் வாங்கிக்கொள்கின்றன, அதனால் வெளிச்சுவருக்குச் சுமை குறைவு.

அடுத்தது கோபுரங்கள். வீடு அடிப்படையில் ஒரு நீண்ட செவ்வகம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று என ஆறு கோபுரங்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. இவை அழகுக்கு மட்டும் வைத்தவை என்று பலரும் எழுதுகிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு அட்டையை நேராக நிறுத்தினால் விழும், இரண்டு இடத்தில் மடித்து நிறுத்தினால் நிற்கும் அல்லவா? சுவர் ஓரிடத்தில் வெளியே திரும்பி, மறுபடி உள்ளே திரும்பி, இப்படியே வீட்டைச் சுற்றிப் போவதால் ஒவ்வொரு மூலையும் பக்கத்துச் சுவருக்கு முட்டுக் கொடுக்கிறது. ஜன்னல்களால் பொத்தல் பொத்தலாகிப்போன சுவருக்கு அந்த முட்டு தேவை.

மூன்றாவது விஷயம் ஜன்னலுக்குள்ளேயே இருக்கிறது. படத்தில் ஒரே பெரிய கண்ணாடி போலத் தெரிவது உண்மையில் கல்லால் கட்டிய சட்டகம். நெட்டுக்குத்தாகக் கல்தண்டுகள், குறுக்கே கல் சட்டங்கள், இடையில் குறுகலான திறப்புகள். கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. அகலமான திறப்புக்கு மேல் ஒரே கல்லைக் கிடத்தினால் அது நடுவில் விரிசல் விடும். திறப்பைக் குறுகலாகப் பிரித்துவிட்டால் மேலே உள்ள கல் ஒரு தண்டிலிருந்து அடுத்த தண்டு வரை மட்டும் தாண்டினால் போதும். ஆக அந்தத் தண்டுகள் அலங்காரம் இல்லை, அவையும் பாரம் சுமக்கின்றன. கண்ணாடியும் அந்தக் காலத்தில் பெரிய தகடாகக் கிடைக்காது, வாயால் ஊதிச் செய்வதால் சின்னச் சின்னத் துண்டுகள்தான் தேறும். அவற்றை ஈயப் பட்டைகளில் கோத்து, காற்றில் உப்பிப் பிதுங்காமல் இருக்க இரும்புக் கம்பிகளோடு கட்டிவைப்பார்கள். ஒவ்வொரு துண்டும் இம்மி அளவு வேறு கோணத்தில் இருக்கும். சாயங்கால வெயில் அடிக்கும்போது மேற்கு முகப்பு சீராக மினுங்காமல் துண்டு துண்டாகப் பளபளப்பதற்குக் காரணம் அதுதான். இன்று ஆலைகளில் ஒரே சமதளமாக வரும் மிதவைக் கண்ணாடியால் அதைச் செய்யவே முடியாது.

இதையெல்லாம் யார் யோசித்தது? இரண்டு பேர். ஒருவர் வீட்டுக்காரி எலிசபெத், எல்லோரும் பெஸ் என்றுதான் சொல்வார்கள். அதே ஹார்ட்விக்கில் பெரிய வசதியில்லாத நிலக்கிழார் குடும்பத்தில் 1527 வாக்கில் பிறந்தவர். நான்கு கல்யாணம், ஒவ்வொன்றிலும் சொத்தும் அந்தஸ்தும் ஒரு படி ஏறின. நான்காவது கணவர் ஷ்ரூஸ்பரி பிரபு, அந்தக் காலத்து இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். அவரோடு மனக்கசப்பாகிப் பிரிந்து சொந்த ஊருக்கு வந்த பெஸ், 1587-ல் தன் பழைய பிறந்த வீட்டைப் பெரிதாக்கிக் கட்ட ஆரம்பித்தார். அது முடிவதற்குள்ளேயே 1590-ல் பக்கத்தில் புது வீட்டுக்குக் கடைகால் போட்டார். அந்த நவம்பரில் கணவர் இறந்துபோக, விதவைப் பங்கு கைக்கு வந்தது, பணத்துக்குத் தடையில்லாமல் போனது. குடிபோகும்போது அவருக்கு வயது எழுபது இருக்கும். கட்டடக் கணக்குப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. கொத்தனார், தச்சர், வண்டிக்காரர் கூலி வரை எழுதி வைத்திருக்கிறார்கள், பெஸ் தானே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். காசு மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருந்தவர் இல்லை.

இன்னொருவர் ராபர்ட் ஸ்மித்ஸன். கல்வேலைக்காரராகத் தொடங்கியவர். 1568-ல் லாங்லீட் மாளிகையில் வேலைக்குச் சேர்ந்தார், 1580-லிருந்து 1588 வரை நாட்டிங்ஹாம் பக்கத்தில் வோலட்டன் ஹாலைக் கட்டினார். ஹார்ட்விக்கை வடிவமைத்தவர் இவர்தான் என்று பெரும்பாலான வரலாற்றாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். இந்த வீட்டின் திட்டத்துக்கு மிக நெருங்கிய ஒரு வரைபடம் அவருடைய வரைபடத் தொகுப்பில் இருக்கிறது, 1597 கணக்கில் ஸ்மித்ஸனுக்கும் அவர் மகனுக்கும் பணம் கொடுத்த பதிவும் இருக்கிறது. ஒப்பந்தப் பத்திரம் என்று எதுவும் இல்லை, அந்தக் காலத்தில் அப்படி ஒரு வழக்கமே முழுதாக உருவாகவில்லை. வரைபடம் ஒருவர் கொடுப்பார், அதைத் திருத்திக் கட்டுவது வீட்டுக்காரரும் மேஸ்திரிகளும். கல்வேலையில் பெரும்பகுதியை வோலட்டனில் வேலை பார்த்த ரோட்ஸ் சகோதரர்கள் எடுத்துச் செய்தார்கள். ஸ்மித்ஸன் 1614-ல் இறந்தார். வோலட்டன் தேவாலயத்தில் உள்ள அவர் கல்லறையில் கட்டடக் கலைஞர் என்றே பொறித்திருக்கிறார்கள். கல் கொத்தி வந்த ஒருவருக்கு அன்றைய இங்கிலாந்தில் அது பெரிய மரியாதை.

கல் எங்கிருந்து வந்தது என்றால், அந்தக் குன்றின் சரிவிலிருந்தே. நிலக்கரிப் படிவங்களோடு சேர்ந்து கிடைக்கும் மணற்கல் அது. கல்வீட்டில் கல்லின் விலையைவிட வண்டிக்கூலிதான் ஆளைக் கொல்லும், அதனால் வீட்டடியிலேயே குவாரி இருப்பது பெரிய அனுகூலம். ஈயம் டார்பிஷயரின் சுரங்கங்களில் கிடைத்தது, கணப்புகளுக்கு வேண்டிய கறுப்புப் பளிங்கு அதே மாவட்டத்து ஆஷ்ஃபோர்டில் இருந்தது, மரம் அவருடைய சொந்தக் காடுகளில் வெட்டினார்கள், கண்ணாடிக்கு விங்ஃபீல்டில் அவருக்கே ஒரு பட்டறை இருந்தது. அவ்வளவு கண்ணாடி போட முடிந்ததில் இந்தக் கடைசி விஷயத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். மற்றவர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியதை இவர் தன் பட்டறையிலேயே செய்துகொண்டார்.

இப்போது வெளியே நின்று ஜன்னல்களின் உயரத்தைப் பாருங்கள். தரைத்தளத்தில் குட்டை, முதல் மாடியில் கொஞ்சம் உயரம், இரண்டாம் மாடியில் மிக உயரம். பொதுவாகப் பெரிய மாளிகைகளில் முதல் மாடியில்தான் முக்கியமான அறைகள் இருக்கும், மேலே போகப் போகச் சிறுக்கும். இங்கே அது தலைகீழ். கீழே சமையல், வேலையாட்கள், சாமான்கள். நடுவில் பெஸ்ஸும் குடும்பமும் அன்றாடம் புழங்கிய அறைகள். உச்சியில் விருந்துக்கும் அரசியை வரவேற்பதற்குமான அறைகள். வாசலில் நிற்கிற ஆள் உள்ளே போகாமலேயே எந்த மாடிக்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்லிவிடலாம். எலிசபெத் ராணி கடைசிவரை இங்கே வரவில்லை. அவருடைய அரச சின்னம் மட்டும் மேலே உள்ள ஹை கிரேட் சேம்பர் என்ற பெரிய விருந்து அறையில் கணப்புக்கு மேல் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் இன்னொரு துணிச்சல். அதுவரை ஆங்கில வீடுகளில் ஹால் என்ற பெரிய கூடம் முகப்புக்கு இணையாக, வீட்டின் நீளவாக்கில் கிடக்கும். வாசல் அதன் ஒரு ஓரத்தில் போய் இறங்கும். அதனால் முகப்பு இரு பக்கமும் ஒரே மாதிரி அமைவது கஷ்டம், கூடம் ஒரு பக்கம் பெரிய ஜன்னல்களைக் கேட்கும், மறுபக்கம் சமையல்கட்டுக்கு அது வேண்டாம். ஹார்ட்விக்கில் கூடத்தையே திருப்பி, வாசலிலிருந்து பின்பக்கம் நோக்கி வீட்டைக் குறுக்கே வெட்டுகிறபடி போட்டுவிட்டார்கள். வாசல் சரியாக நடுவில் வந்தது, இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் பொருந்தின. இதைச் செய்ய முடிந்ததற்கு வாழ்க்கைமுறை மாறியிருந்ததும் ஒரு காரணம். முன்பு பிரபுவும் வேலையாட்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், இந்தக் காலத்தில் எஜமானர்கள் மாடிக்குப் போய்விட்டார்கள். கூடம் வேலையாட்கள் சாப்பிடும் இடமாகவும் உள்ளே வரும் வழியாகவும் மாறிவிட்டதால் அதைத் திருப்பிப் போடுவதில் யாருக்கும் மனத்தாங்கல் வந்திருக்காது.

இந்த வீட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் படிக்கட்டு. அகலமான கல்படிகள், ஆடம்பரமான கைப்பிடி கிடையாது, செதுக்கல் கிடையாது. கூடத்தின் பக்கத்தில் தொடங்கி, ஏறி, திரும்பி, ஓரிடத்தில் நின்று, இருட்டிலிருந்து ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்து, மறுபடி இருட்டுக்குள் போய், வீட்டின் உடம்புக்குள் அலைந்துகொண்டே கடைசியில் ஹை கிரேட் சேம்பரின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. கதவு திறந்ததும் 60 அடிக்கு மேல் நீளமுள்ள அறை. கீழ்ச்சுவரில் 1587-ல் பெஸ் வாங்கிய, கிரேக்கக் காவிய வீரன் யுலிசிஸின் கதை நெய்த பிரஸ்ஸல்ஸ் திரைச்சீலைகள், அதற்கு மேல் சுற்றிலும் சுதைவேலையில் ஒரு காடு. மரங்கள், மான்கள், வேட்டைநாய்கள், நடுவில் வேட்டைத் தெய்வம் டயானா, எல்லாம் புடைப்பாக, வண்ணம் பூசி. ஆப்ரகாம் ஸ்மித் என்ற சுதைக் கலைஞரின் வேலை. வண்ணம் வெகுவாக மங்கியிருக்கிறது, இருந்தாலும் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அந்த இலைகள் நிழலோடு எழும்பி நிற்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். விருந்து நாளில் இதே படிகளில்தான் கீழ்த்தளச் சமையலறையிலிருந்து சாப்பாடு ஊர்வலமாக மேலே வரும். சூடு ஆறியிருக்கும் என்பதில் சந்தேகமே இல்லை, ஆனால் அந்த ஊர்வலமே விருந்தின் பகுதியாகத்தான் இருந்தது.

இனி வீட்டின் பலவீனங்கள், ஏனென்றால் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது நியாயமான பதில் ஆகாது. முகப்பின் ஒழுங்குக்காக உள்ளே நிறைய விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வெளியே ஒரே பெரிய ஜன்னலாகத் தெரிவது சில இடங்களில் உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குள்ள அறைகளுக்கு வெளிச்சம் கொடுக்கிறது. சில ஜன்னல்களுக்குப் பின்னால் அறையே இல்லை, வெறும் கட்டுமானம்தான். முகப்பில் அந்த இடம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காகக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அப்புறம் குளிர். குன்றின் உச்சி, நாலாபக்கமும் காற்று, ஈயப் பட்டை இடுக்கெல்லாம் ஊதும். பெஸ்ஸின் படுக்கையறையில் ஜன்னலுக்கு முன்னால் தொங்கவிட என்றே கனத்த விரிப்புகள் இருந்ததை 1601-ல் எடுத்த சாமான் பட்டியல் சொல்கிறது. நாட்டிலேயே வெளிச்சமான வீட்டைக் கட்டியவர், தூங்கும்போது அந்த ஜன்னல்களைப் போர்த்தி மூடத்தான் வேண்டியிருந்தது.

திரைச்சீலைகளும் வெறும் அலங்காரம் இல்லை. கல்சுவரின் குளிரை அறைக்குள் வரவிடாமல் தடுக்கும், எதிரொலியைக் குறைக்கும். லாங் கேலரியில் தொங்கும், பைபிளில் வரும் கிதியோனின் கதை நெய்த சீலைகள் 13. ராணியின் அமைச்சராக இருந்த சர் கிறிஸ்டோபர் ஹாட்டனின் வாரிசிடமிருந்து 1592-ல் 326 பவுண்டு 15 ஷில்லிங் 9 பென்சுக்கு வாங்கினார். அதில் ஹாட்டனின் குடும்பச் சின்னம் இருந்தது, அதை மாற்றும் செலவுக்காக 5 பவுண்டு தள்ளுபடி வாங்கியிருக்கிறார். பிறகு தன் சின்னத்தைத் துணியில் வரைந்து அதன்மேல் ஒட்டி, ஹாட்டன் சின்னத்துப் பெண்மான்களுக்குக் கொம்பு வைத்துத் தன் குடும்பத்தின் கலைமான்களாக மாற்றிவிட்டார். இந்தச் சீலைகளைச் சுத்தம் செய்து பழுது பார்க்கும் வேலை 24 வருஷம் நடந்து 2023-ல் முடிந்தது. கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம்தான் துணிக்கு எமன். அதனால் இன்று அந்த அறைகளில் திரை இறக்கி வைத்திருப்பார்கள். "இவ்வளவு ஜன்னல் இருந்தும் இருட்டாக இருக்கிறதே" என்று போகிறவர்கள் குறைப்படுவது இதனால்தான். எனக்கும் அந்த வருத்தம் உண்டு, வெளிச்சத்துக்காகக் கட்டிய அறையை வெளிச்சமில்லாமல் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் துணியா வெளிச்சமா என்றால் துணியைக் காப்பாற்றுவதுதான் சரி.

கல்லின் நிலைமை தனிக் கதை. மணற்கல் அடுக்கடுக்காகப் படிந்து உண்டானது. அந்த அடுக்கு பூமியில் கிடந்தபடியே படுக்கைவாட்டில் இருக்கும்படி சுவரில் வைக்கவேண்டும், நிறுத்திவைத்தால் தோல் உரிவதுபோல் மேற்பரப்பு கழன்றுவிடும். பழைய கொத்தனார்களுக்கு இது கைவந்த பாடம். சுண்ணாம்புக் காரையும் அப்படித்தான். கல்லுக்குள் புகுந்த ஈரம் காரை வழியாக வெளியேறும், காரை தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். பிற்காலத்தில் பல பழைய வீடுகளில் சிமென்ட் வைத்து அடைத்தார்கள், ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லே பொரிந்து உதிர்ந்தது. 1877-ல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் சுண்ணாம்பைத்தான் வலியுறுத்துகிறது. ஹார்ட்விக்குக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. சுற்றுவட்டாரம் முழுக்க நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன, இருநூறு வருஷப் புகையும் அமிலமும் அந்த மணற்கல்லின்மேல் படிந்தன. உற்றுப் பார்த்தால் கருத்த பழைய கல்லும் பிற்காலத்தில் மாற்றிவைத்த கல்லும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது தெரியும்.

வீடு இவ்வளவு மாறாமல் தப்பியதற்குக் காரணம் ஒருவகையில் புறக்கணிப்பு. பெஸ் 1608-ல் இறந்தபின் இரண்டாம் கணவர் கேவண்டிஷ் வழி வந்த அவருடைய வாரிசுகள் டெவன்ஷயர் பிரபுக்கள் ஆனார்கள், அதே டார்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகையைத் தலைமை வீடாக வைத்துக்கொண்டார்கள். நாகரிகம் மாறும்போதெல்லாம் இடித்துக் கட்டியது அங்கேதான், 1687-லிருந்து 1707 வரை சாட்ஸ்வொர்த் கிட்டத்தட்ட புதிதாகவே எழும்பியது. ஹார்ட்விக் இரண்டாவது வீடாக ஓரத்தில் கிடந்தது. அந்தக் குடும்பத்தோடு வாழ்ந்த தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் 1679-ல் இங்கேதான் இறந்தார். 1950-ல் டெவன்ஷயரின் பத்தாவது டியூக் இறந்தபோது விழுந்த வாரிசு வரியைக் கட்ட முடியாமல், 1959-ல் வீடு பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

மேரி ராணி கேள்விக்குப் பதில்: இல்லை. மேரியை நீண்டகாலம் காவலில் வைத்திருந்தவர் பெஸ்ஸின் கணவர் ஷ்ரூஸ்பரி பிரபு, அதனால்தான் இந்தக் குழப்பம். ஆனால் மேரிக்கு மரண தண்டனை நிறைவேறியது 1587-ல், இந்த வீட்டுக்கு அப்போது கடைகால்கூடப் போடவில்லை. இங்கே உண்மையாகவே அடைபட்டதுபோல் வாழ்ந்தவர் பெஸ்ஸின் பேத்தி அராபெல்லா ஸ்டூவர்ட். அரியணைக்கு உரிமை உள்ளவர் என்பதால் பாட்டியின் கண்காணிப்பிலேயே இருந்தார், தப்பிக்கவும் முயன்றார்.

போய்ப் பார்க்கும் எண்ணம் இருந்தால்: எம்1 நெடுஞ்சாலையிலிருந்தே குன்றின்மேல் தெரியும், செஸ்டர்ஃபீல்டுக்குப் பக்கம். மேற்கு முகப்பு பிற்பகலில்தான் நன்றாக இருக்கும். வாசலுக்கு நேரே நின்று ஒரு படம் எடுத்ததும் கிளம்பிவிடாமல் வீட்டைச் சுற்றி நடங்கள், ஒவ்வொரு பத்தடிக்கும் ஆறு கோபுரங்களும் வேறு வேறு விதமாகச் சேர்ந்து பிரியும். கோபுர உச்சிகளில் கல்லில் வெட்டிய ஈ, எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் வானத்துக்கு எதிராகத் தெரியும், எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்பதன் சுருக்கம், மேலே ஒரு கிரீடம். பக்கத்திலேயே பழைய வீட்டின் இடிபாடு இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள். அங்கே கட்டக் கட்ட முடிவெடுத்ததுபோல் ஒழுங்கில்லாமல் வளர்ந்த திட்டத்தையும், சில நூறு அடி தள்ளி முழுதாக யோசித்துக் கட்டிய புது வீட்டையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம். நேரம் இருந்தால் அதற்கு முன் வோலட்டன் ஹாலையும் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே ஸ்மித்ஸன் சுவரெல்லாம் தூணும் சிலையும் பட்டைவேலையுமாக இட்டு நிரப்பியிருப்பார். இரண்டு வருஷம் கழித்து ஹார்ட்விக்கில் அதில் பெரும்பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டு, கல்லையும் கண்ணாடியையும் கோபுரங்களின் அமைப்பையும் மட்டும் நம்பியிருக்கிறார்.